பூச்சி பேர் வச்ச இண்டி பேண்டுகள்ல ஒண்ணே ஒண்ணு எடுக்கணும்னா எதை எடுக்கறது?

ஒரு மாசத்துக்கு ஒரு பேண்ட். அவங்க போட்ட ஆல்பம் எல்லாத்தையும் மொதல்லேர்ந்து கடைசி வரைக்கும் வரிசையா, ஒரு பாட்டு கூட தாண்டாம கேக்கணும். ரொம்ப நாளா இதான் என் பழக்கம், ஷஃபிள்ல போட்டு கேட்டு கேட்டு எந்த பாட்டு யாரோடதுன்னே தெரியாம போன கோபத்துல ஆரம்பிச்சது. கேக்கறது ஈஸிங்க, எதை கேக்கறதுன்னு முடிவு பண்றதுதான் தலைவலி. போன தடவை தேடறதுலயே பத்து நாள் போச்சு. அதனால இந்த தடவை கண்ண மூடிட்டு ஒரு சல்லடை வச்சேன்: பேர்ல பூச்சி இருக்கணும், இண்டி பேண்டா இருக்கணும் (பெரிய கம்பெனிங்கள நம்பாம சொந்தமாவோ சின்ன ரெக்கார்ட் கம்பெனிலயோ இசை பண்றவங்க), அவ்ளோதான். கிறுக்குத்தனமா இருந்தாலும் வேலை செஞ்சுது, கடைசில ஏழு பேண்ட் நின்னுச்சு.

யார கழிச்சேன்னு மொதல்ல சொல்லிடறேன், இல்லாட்டி அவங்க எங்க இவங்க எங்கன்னு கேப்பீங்க. பீட்டில்ஸ இங்க இழுக்கக்கூடாது, அவங்கள யாரும் புதுசா கண்டுபிடிக்க வேண்டியதில்ல. ஆனா இந்த பூச்சி பேர் வியாதிக்கு மூலம் அவங்களுக்கும் முன்னாடி, அம்பதுகள்ல அமெரிக்கால ராக் அண்ட் ரோல் பாடின பட்டி ஹாலியோட கிரிக்கெட்ஸ் (விளையாட்டு இல்ல, ராத்திரி கத்தற பூச்சி). அவங்க பேர் தேடி பூச்சி பூச்சியா பாத்துட்டு வந்தப்ப பீட்டில்ஸ்னு வைக்கலாமான்னு கூட யோசிச்சு வேண்டாம்னு தள்ளிட்டாங்க, அப்பறம் லிவர்பூல் பசங்க அதே கிரிக்கெட்ஸ் மேல இருந்த பிரியத்துல வண்டு பேர எடுத்து ஸ்பெல்லிங்க மாத்தி பீட்டுங்கற வார்த்தைய உள்ள நுழைச்சுட்டாங்க, தள்ளுன பேர் எங்க போய் நின்னுச்சு பாருங்க. அயர்ன் பட்டர்ஃப்ளை, 1968ல ஒரே பாட்டு பதினேழு நிமிஷம் வாசிச்சவங்க, ஆனா சைக்கடெலிக் ராக், இந்த கணக்குல வராது. ஆடம் அண்ட் தி ஆண்ட்ஸ் எனக்கு பிடிக்கும், மேனேஜர் மால்கம் மெக்லாரன் வந்து பாடகர் ஆடம விட்டுட்டு எறும்பு எல்லாத்தையும் கூட்டிட்டு போய் பவ் வவ் வவ்னு வேற புத்து கட்டுனதும், ஆடம் புது எறும்பு பிடிச்சு அதே 1980ல பெரிய ஹிட் ஆல்பம் கொடுத்ததும் தனியா எழுத வேண்டிய கதை. பாப்பா ரோச், ஏலியன் ஆண்ட் ஃபார்ம் ரெண்டும் இண்டி இல்ல. ஸ்பைடர்னு பேர் வச்சவங்க யாரும் வராதீங்க, எட்டு கால் இருந்தா பூச்சி கிடையாது. ஹைவ்ஸ் தேன்கூடு, அது பூச்சியோட வீடு, பூச்சி இல்ல (இதுல கொஞ்சம் கறாராதான் இருந்தேன், ஒத்துக்கறேன்).

மிச்சம் நின்ன ஏழு: தி லோகஸ்ட், சிக்காடா, தி பக் கிளப், பிளாக் மாத் சூப்பர் ரெயின்போ, தி பீஸ், தி லேடிபக் ட்ரான்சிஸ்டர், சில்க்வோர்ம். நான் பாத்தது ரெண்டே விஷயம்தான். மொத தடவை கேக்கறப்ப எவ்ளோ பிடிக்குது, இருபதாவது நாள் என்ன மிச்சம் இருக்கு. இந்த ரெண்டும் ஒண்ணா வர்றது ரொம்ப அபூர்வம்னு இந்த ஏழையும் பக்கத்துல பக்கத்துல வச்சு கேட்டப்பதான் நல்லா உறைச்சுது. என் ஆசைய தள்ளி வச்சுட்டு கேட்டத கேட்டபடி சொல்லப் பாக்கறேன்.

லோகஸ்டுக்கு நீளமா எழுத மாட்டேன், அவங்க பாட்டே நீளமில்ல. சான் டியேகோ பேண்ட், 1994ல ஆரம்பிச்சது, மேடைல தலைலேர்ந்து கால் வரைக்கும் வலைத்துணி மாதிரி டிரெஸ், மூஞ்சிக்கும் மாஸ்க், நிஜமாவே நாலு வெட்டுக்கிளி நிக்கற மாதிரி இருக்கும். 2003ல வந்த பிளேக் சவுண்ட்ஸ்கேப்ஸ் ஆல்பத்துல 23 பாட்டு, மொத்தமா இருபது நிமிஷத்த லேசா தாண்டும். கத்தல், சிந்தசைசர் கீச்சு, டிரம்ஸ் பொரியற மாதிரி ஓடிட்டே இருக்கும், ஒரு ரிஃப் (கிடார்ல திரும்ப திரும்ப வர்ற துண்டு) பிடிபடறதுக்குள்ள அடுத்த பாட்டு வந்துடும். பேருக்கும் இசைக்கும் இவ்ளோ பொருத்தமா வேற எந்த பேண்டும் இல்ல, கூட்டமா வந்து ஒரு பச்ச இலை விடாம மேஞ்சுட்டு போற உணர்ச்சி அப்படியே இருக்கு. ஒரு சாயங்காலத்துக்கு அட்டகாசம். முப்பது நாளைக்கு என்னால முடியாது, வீட்ல இருக்கறவங்களாலயும் முடியாது.

சிக்காடா அதுக்கு நேர் எதிர், இதுல பேரே ஒரு ஜோக் மாதிரி ஆயிடுச்சு. சில்வண்டு கத்தினா பக்கத்துல நின்னு பேச முடியாது, இந்த தைவான் குரூப் வாசிக்கறப்ப பக்கத்து ரூம்ல யாராவது இருமினா கூட கேக்கும். 2009ல ஆரம்பிச்சது, பியானோ, வயலின், செல்லோ, அகூஸ்டிக் கிடார், வாய்ப்பாட்டு கிடையாது. தைவானோட கடல், காடு, மலை இதையே சுத்தி சுத்தி எழுதறாங்க, 2017ல ஒயிட் ஃபாரஸ்ட், 2019ல ஹைக்கிங் இன் தி மிஸ்ட், ஆல்பம் பேர வச்சே உள்ள என்ன இருக்குன்னு சொல்லிடலாம். படிக்கறப்ப, வேலை பாக்கறப்ப இத விட நல்ல துணை இல்ல, ஆனா அதுவேதான் எனக்கு பிரச்சினை. நான் உக்காந்து கேக்கறதுக்கு பேண்ட் தேடறேன், இது ரெண்டாவது பாட்டுலயே என்ன வேற வேலைக்கு அனுப்பிடுது.

பக் கிளப் இந்த ஏழுல சின்னவங்க, சவுத் வேல்ஸ்ல கால்டிகாட்ங்கற ஊர்லேர்ந்து வர்றவங்க. ஒரு பையன் ஒரு பொண்ணு, சாம் வில்மெட், டில்லி ஹாரிஸ், ரெண்டு பேரும் மாத்தி மாத்தி பேசிக்கற மாதிரியே பாடுவாங்க, மெருகு போடாத கராஜ் கிடார், சின்ன சின்ன பாட்டு, வரிக்கு வரி நக்கல். 2023ல ஒரு ஆல்பத்துல 47 டிராக் போட்டாங்க, 2024லேர்ந்து சப் பாப்ங்கற லேபிள்ல (ரெக்கார்ட் கம்பெனி) இருக்காங்க. மொத தடவை கேக்கறப்ப பிடிக்குதாங்கற கேள்விக்கு இவங்களுக்கு முழு மார்க், மூணாவது நிமிஷம் சிரிச்சுட்டேன். ஆனா பாருங்க, ஜோக் ரெண்டாவது தடவை பாதிதான் வேலை செய்யும், எனக்கு நாலாவது நாளே கிடார் மட்டும் காதுல விழ ஆரம்பிச்சுது, நல்ல கிடார்தான், ஆனாலும். இண்டி பக்கமே வராத ஆள இழுத்துட்டு வரணும்னா மொதல்ல இவங்கள போடுங்க.

நடுவுல ஒரு சின்ன விஷயம், லிஸ்ட் போடறப்ப பூச்சி பத்தியும் கொஞ்சம் படிச்சேன். பக்னு எல்லா பூச்சியையும் சொன்னாலும் பூச்சி படிச்சவங்க கணக்குல அது ஒரு தனி வகை, சில்வண்டு அந்த வகைல வரும், லேடிபக் வராது, ஏன்னா அது பொறிவண்டு, வண்டு ஜாதி. ஆக பக் கிளப்பும் சிக்காடாவும் பங்காளி, லேடிபக்கும் பீட்டில்ஸும் பங்காளி, லோகஸ்டும் கிரிக்கெட்ஸும் ஒரே வம்சம், பட்டுப்புழு வளந்தா அந்துப்பூச்சிதான் அதனால சில்க்வோர்மும் பிளாக் மாத்தும் ஒரே குடும்பம். இதுக்கும் இசைக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, ஆனா சொல்லாம இருக்க முடியல.

பிளாக் மாத் சூப்பர் ரெயின்போ. அமெரிக்கால பென்சில்வேனியா, பிட்ஸ்பர்க் பக்கம். டொபாக்கோங்கற பேர்ல ஒருத்தர்தான் எல்லாத்துக்கும் மூளை, மத்தவங்களும் புனைபேர்லதான் இருப்பாங்க. குரல் முழுக்க வோக்கோடர் வழியா வரும், அதாவது மனுஷன் பேசறத சிந்தசைசர் வாயால சொல்ற மாதிரி, பழைய அனலாக் சிந்த், வெயில்ல வச்சு உருகின கேசட் மாதிரி சுதி லேசா இழுத்துட்டு போகும். 2007ல வந்த டேண்டிலியன் கம் கேட்டா போதும், ஆள் யாருன்னு தெரிஞ்சுடும். சின்ன வயசுல பாத்த கார்ட்டூன் ஒண்ணு, பேர் ஞாபகமில்ல கதை ஞாபகமில்ல, நிறம் மட்டும் நினைவிருக்குன்னு இருக்கும்ல, அந்த மாதிரி. இனிப்பா இருக்கும், ஆனா எங்கயோ அடியில ஏதோ அழுகிட்டிருக்கற வாசனையும் வரும், அதான் இவங்க கெட்டிக்காரத்தனம். 2009ல ஈட்டிங் அஸ் பண்றப்ப ஃப்ளேமிங் லிப்ஸ், மெர்க்குரி ரெவ் மாதிரி பேண்டுகளோட ஆல்பமெல்லாம் பண்ண டேவ் ஃப்ரிட்மன புரொட்யூசரா வச்சாங்க, அதுல டிரம்ஸ் நல்லா பெருசா, சுத்தமா விழும், சிலருக்கு அதான் பெஸ்ட், எனக்கு அந்த அழுக்கு போனது பிடிக்கல. 2012ல கோப்ரா ஜூசிக்கு ரசிகர்கள்கிட்டயே கிக்ஸ்டார்ட்டர்ல பணம் திரட்டினாங்க, அது கொஞ்சம் ஆட்டம் போட வைக்கற ஆல்பம்.

ராத்திரி லைட்ட அணைச்சுட்டு ஹெட்ஃபோன்ல கேக்க இது மாதிரி கிடையாது. ஆனா மாசம் முழுக்கன்னு வர்றப்ப அந்த வோக்கோடரே தடையாயிடுது. எல்லா பாட்டுலயும் அதே குரல், வார்த்தை பாதி புரியாது, புரியாததால பாட்டுக்கும் பாட்டுக்கும் வித்தியாசம் ஞாபகத்துல நிக்கல, பத்து நாள் கழிச்சு எது எந்த ஆல்பம்னு கேட்டா முழிச்சிருப்பேன். ஷஃபிள விட்டு ஓடி வந்தவனுக்கு மறுபடியும் ஷஃபிள் மாதிரியே ஆயிடுச்சு.

இப்ப தி பீஸ். அமெரிக்கால பேர் பிரச்சினையால எ பேண்ட் ஆஃப் பீஸ்னு போடுவாங்க, தேடறப்ப குழம்பாதீங்க. இங்கிலாந்துக்கு தெற்க இருக்கற ஐல் ஆஃப் வைட் தீவுல வென்ட்னர்ங்கற ஊர், பால் பட்லர், ஆரன் ஃப்ளெட்சர் ரெண்டு பேரும் ஆரம்பிச்சது. மொத ஆல்பம் சன்ஷைன் ஹிட் மீ, தோட்டத்து ஷெட்ல ரெக்கார்ட் பண்ணது, 2002ல மெர்க்குரி பரிசு (பிரிட்டன்ல வருஷத்தோட சிறந்த ஆல்பத்துக்கு தர்றது) பட்டியல் வரைக்கும் போச்சு. ரெண்டாவது ஃப்ரீ தி பீஸ், 2004, அதுக்கு ஷெட்லேர்ந்து நேரா பீட்டில்ஸ் ரெக்கார்ட் பண்ண ஆபி ரோட் ஸ்டுடியோ. ஷெட்டுக்கும் ஆபி ரோடுக்கும் நடுவுல என்ன மாறும்னு தெரிஞ்சுக்க ஆசை இருக்கறவங்க இந்த ரெண்டையும் அடுத்தடுத்து கேளுங்க, மொத ஆல்பம் மதிய தூக்கம் மாதிரி சோம்பலா இருக்கும், ரெண்டாவது எந்திரிச்சு குளிச்சு தலை வாரிட்டு வந்த மாதிரி.

தேனீ பேருக்கு இவங்க ரொம்ப பொருத்தம். ஒரு பூவுலயே உக்காந்திருக்க மாட்டாங்க. ஒரு பாட்டு ரெக்கே, அடுத்தது அறுபதுகள் பாப், அடுத்தது சோல், நடுவுல பிரேசில் பேண்ட் ஊஸ் முட்டாண்டிஸோட பாட்டு ஒண்ண போர்த்துகீஸ்லயே பாடி வச்சிருக்காங்க, அது கேட்டு கால் ஆடாதவங்க டாக்டர பாக்கணும். மொத தடவை கேக்கறப்ப பிடிக்குதாங்கறதுல பக் கிளப்பையே தாண்டிடறாங்க, யார் வந்து உக்காந்தாலும் இது யாருன்னு கேப்பாங்க. பட்லர் அப்பறம் பாடகர் மைக்கேல் கிவானுகாவோட மொத ஆல்பத்த புரொட்யூஸ் பண்ணார், 2012ல, அந்த பழைய வெதுவெதுப்பான சவுண்ட் எங்கேர்ந்து வந்துச்சுன்னு பீஸ் கேட்டவங்களுக்கு புரியும்.

குறைன்னா, மொத்தமே நாலு ஆல்பம், ஒரு வாரத்துல முடிஞ்சுடும், அது கூட பரவால்ல. எல்லா பூவுலயும் தேன் எடுத்தவங்க சரி, இவங்க சொந்த ருசி என்னன்னு கேட்டா நாலு ஆல்பம் முடிச்சும் எனக்கு தெளிவா சொல்ல வரல. ரசனை அபாரமா இருக்கற ஒரு நண்பன் அவன்கிட்ட இருக்கற ரெக்கார்ட எல்லாம் எடுத்து காட்டற சுகம் அது, நண்பன பத்தி ஒண்ணும் தெரியாமலே எந்திரிச்சு வந்துடுவோம்.

லேடிபக் ட்ரான்சிஸ்டர்தான் ரொம்ப நாள் ஜெயிக்கற மாதிரி இருந்துச்சு. நியூயார்க், புரூக்ளின்ல ஃப்ளாட்புஷ் ஏரியா, கேரி ஓல்சன்ங்கறவரோட பேண்ட், வீட்டுலயே ஸ்டுடியோ, அந்த வீட்டுக்கு மார்ல்பரோ ஃபார்ம்ஸ்னு பேர். மொத ஆல்பம் 1995ல அதே பேர்ல, அப்பறம் 1997ல பெவர்லி அடோனேல், 1999ல தி ஆல்பமார்ல் சவுண்ட், 2001ல ஆர்கைல் ஏர். ஏதோ பிரபு வம்சத்து பேர் மாதிரி இருக்கேன்னு நினைச்சா, மார்ல்பரோ, பெவர்லி, ஆல்பமார்ல், ஆர்கைல் எல்லாமே அந்த வீட்ட சுத்தி இருக்கற தெரு பேர். இத தெரிஞ்சுகிட்டப்பறம் ஆல்பம் கேக்கறதே வேற மாதிரி ஆயிடுச்சு, நாலு தெருவுக்குள்ளயே நடந்து நடந்து ஒரு உலகம் பண்ணிட்டாங்க, மேப்ப திறந்து வச்சுகிட்டு கேட்டேன்னா பாத்துக்கோங்க.

ஓல்சனுக்கு அடிக்குரல், அவசரமே கிடையாது, ஆர்ப்பாட்டம் இல்லாம பாடுவார், ட்ரம்பெட்டும் அவரே ஊதுவார். ஆர்கன், புல்லாங்குழல், வயலின் எல்லாம் வந்து வந்து போகும், ஆனா கூட்டம் மாதிரி தெரியாது, நல்லா பழகின குடும்பத்துல பேசிக்கற மாதிரி ஒருத்தர் முடிச்சப்பறம் ஒருத்தர். ஆல்பமார்ல் சவுண்ட் எனக்கு இந்த ஏழு பேண்டோட ஆல்பம் எல்லாத்துலயும் அழகானது, அதுல சந்தேகமே இல்ல. மொத தடவை சும்மா நல்லாருக்குன்னுதான் தோணும், ஐஞ்சாவது தடவை பாத்திரம் கழுவறப்ப வாய் தானா முணுமுணுக்கும். 2011 வரைக்கும் மொத்தம் ஏழு ஆல்பம், மாசத்துக்கு சரியான அளவு. அப்ப இதையே எடுத்திருக்கலாமேன்னு கேக்கலாம். எடுத்துட்டேன்னே வைங்க, ஆனா இதுல எங்கயும் எனக்கு பயமோ கோபமோ சங்கடமோ வரல. நல்ல வெயில் விழற ரூம், ஜன்னல் திறந்திருக்கு, ஆனா வெளில யாரும் கத்தல. மாசத்துல ஒரு நாளாவது யாராவது கத்தணும் எனக்கு.

அங்கதான் சில்க்வோர்ம் வந்துச்சு, அதுவும் மொத தடவை கேட்டு எரிச்சல்ல நிறுத்தின பேண்ட்.

மொன்டானா மாநிலத்துல மிசூலாங்கற ஊர், 1987ல ஆரம்பம், அப்பறம் சியாட்டில், அப்பறம் சிகாகோ. சியாட்டில்ல கிரஞ்ச்ங்கற ராக் வகை உச்சத்துல இருந்த நேரம் அங்கயே இருந்தும் அதுல ஒட்டவே இல்ல, அதனால பணமும் ஒட்டல. ஆண்டி கோயன் கிடார், டிம் மிட்ஜெட் பேஸ், மைக்கேல் டால்க்விஸ்ட் டிரம்ஸ், ஆரம்பத்துல ஜோயல் ஃபெல்ப்ஸ் இன்னொரு கிடார், 1994க்கு அப்பறம் அவர் பேண்ட விட்டு போயிட்டார். நிறைய ஆல்பத்த ரெக்கார்ட் பண்ணது ஸ்டீவ் ஆல்பினி, அவரும் மிசூலால வளந்தவர்தான். ஆல்பினி பத்தி தெரிஞ்சவங்களுக்கு சொல்ல வேண்டாம், பேண்ட் ரூம்ல எப்படி வாசிச்சாங்களோ அப்படியே வைப்பார், பூச்சு வேலை பண்ண மாட்டார். அதனால டிரம்ஸ் உங்க முன்னாடி இருக்கு, பேஸ் கிடார விட சத்தமா இருக்கு, பாடறவங்க ரெண்டு பேருக்கும் சுதி சுத்தம் கம்மி, அத மறைக்க யாரும் முயற்சியே பண்ணல. பட்டுன்னு பேர்ல இருக்கு, பாட்டு முழுக்க சாக்குத்துணி.

ஃபெல்ப்ஸ் போனப்பறம் மூணு பேரா பண்ணது ஃபயர்வாட்டர், 1996, மேட்டடார் லேபிள். குடிய சுத்தியே நிறைய பாட்டு, ஆனா குடிகாரன கொண்டாடவும் இல்ல திட்டவும் இல்ல, மறுநாள் காலைல பல் தேய்க்கறப்ப கண்ணாடில பாக்கற மாதிரி. மொத தடவை கேட்டப்ப கிடார் சோலோ ஏன் இப்படி நொண்டி நொண்டி போகுதுன்னு கடுப்பாச்சு. மூணாவது தடவை அந்த சோலோ ஒரு மனுஷன் சொல்ல வந்தத சொல்ல முடியாம திக்கறதுன்னு பட்டுச்சு. ஆறாவது தடவைக்கு மேல டிரம்ஸ்தான் முழுசா கேட்டுது, டால்க்விஸ்ட் அடிக்கற ஒவ்வொரு அடிக்கும் நடுவுல இடம் விடுவார், வேகமா போற பாட்டுல கூட, அந்த இடத்துல மத்த ரெண்டு பேரும் வந்து விழுவாங்க. இருபதாவது நாள் என்ன மிச்சம்ங்கற கேள்விய நான் இந்த பேண்ட வச்சுதான் கண்டுபிடிச்சேன்னு நினைக்கறேன், ஏன்னா மத்த ஆறும் நாள் போகப் போக குறைஞ்சுது இல்ல அப்படியே நின்னுச்சு, இது மட்டும் ஏறிட்டே இருந்துச்சு. ஒரு பட்டுக்கூட்டுல ஒரே நூல்தான் இருக்கும், பிரிச்சா நூத்துக்கணக்கான மீட்டர் போகும், நுனிய கண்டுபிடிக்கறதுதான் கஷ்டம்.

2005 ஜூலைல சிகாகோ பக்கத்துல ஒரு கார் மோதல்ல டால்க்விஸ்ட் செத்துட்டார். வேற டிரம்மர வச்சு ஓட்டாம அதோட பேண்ட நிறுத்திட்டாங்க, கோயனும் மிட்ஜெட்டும் பாட்டம்லெஸ் பிட்னு வேற பேர்ல வாசிச்சாங்க. இவங்கள பத்தி 2013ல ஒரு டாக்குமெண்டரி கூட வந்துச்சு. இத எழுதறப்பதான் கவனிச்சேன், லேடிபக் ட்ரான்சிஸ்டர் டிரம்மர் சான் ஃபாடில் 2007ல போனார், லோகஸ்ட் டிரம்மர் கேப் செர்பியன் 2022ல. ஏழுல மூணு பேண்ட், மூணுலயும் டிரம்மர். ஒண்ணுமில்ல, தற்செயல்தான், ஆனா அன்னிக்கு ராத்திரி மேற்கொண்டு எதுவும் கேக்கல.

சரி, உங்களுக்கு எதுன்னா, வீட்ல நாலு பேர் இருக்கறப்ப ஸ்பீக்கர்ல போடணும்னா பீஸ், யோசிக்கவே வேண்டாம். தனியா இருக்கீங்க, மனசு சரியில்ல, யாரும் அறிவுரை சொல்லாம பக்கத்துல இருந்தா போதும்னா ஆல்பமார்ல் சவுண்ட். பரீட்சைக்கு படிக்கறீங்கன்னா சிக்காடா. தூக்கம் வராத ராத்திரிக்கு பிளாக் மாத், ஆனா வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். பீஸா லேடிபக்கான்னு ரெண்டுக்கு நடுவுல நிக்கறவங்க லேடிபக்க எடுங்க, பீஸ் எப்படியும் எங்கயாவது காதுல விழுந்துடும், லேடிபக்க நீங்களா தேடி போனாதான் உண்டு.

நான் சில்க்வோர்ம எடுத்துட்டேன். 1992லேர்ந்து 2004 வரைக்கும் ஒன்பது ஆல்பம், ஆனா என் ரூல்படி மொதல்லேர்ந்து போகாதீங்க, ஆரம்ப காலத்து ஆல்பங்கள் கதவ சாத்திட்டு வாசிச்ச மாதிரி இருக்கும், மொத வாரத்துலயே விட்டுடுவீங்க. ஃபயர்வாட்டர்ல ஆரம்பிச்சு, அது பழகினப்பறம் 2000ல வந்த லைஃப்ஸ்டைல், அதுதான் அவங்க பண்ணதுலயே கொஞ்சம் வெளிச்சமான ஆல்பம், அப்பறம் 2002ல இட்டாலியன் பிளாட்டினம், அதுக்கப்பறம் தைரியமா பின்னாடி போய் 1994ல வந்த இன் தி வெஸ்ட், லிபர்டின் ரெண்டையும் ஃபெல்ப்ஸ் கத்தறதுக்காகவே கேளுங்க. டெவலப்பர், ப்ளூபிளட் எல்லாம் நடுவுல எங்க வேணா சொருகிக்கலாம். இட்'ல் பி கூல் மட்டும் கடைசிக்கு வைங்க, டால்க்விஸ்ட் இருந்து முடிச்ச கடைசி முழு ஆல்பம் அது, 2004. நான் இன்னிக்கு பதினேழாவது நாள்ல இருக்கேன், இன்னும் அத திறக்கல.